இதுல யாரும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது

(திருக்காட்டுப்பள்ளியில் நடந்த நம் தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்தாகப் பதிவிடுகிறேன். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மருத்துவக் கருவித் துறையில் அரசு, தொழில்துறை, கல்வி நிறுவனங்களின் கூட்டு முயற்சி'. தலைப்பை வாசிச்சதுமே முன்வரிசையில ஒரு அண்ணன் கொட்டாவி விட்டாரு. நான் பார்த்தேன். பரவாயில்லண்ணே, எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அதனால தலைப்பை ஓரமா வெச்சிட்டு ஒரே ஒரு பொருளைப் பத்திப் பேசறேன்.

ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு வளையம். நடுவுல ஒரு வட்டத் தட்டு. சுத்தித் தையல் போடத் துணி. இதுதான் செயற்கை இதய வால்வு. நம்ம ஊர்க்காரங்களுக்கு மதகு தெரியும். இது ஒருவழி மதகு. ரத்தம் தள்ளும்போது தட்டு சாய்ஞ்சு வழிவிடும், திரும்பி வரப் பார்த்தா மூடிக்கும். நாளைக்கு ஒரு லட்சம் தடவை. வருஷத்துக்கு ஏறத்தாழ 4 கோடி தடவை. ஆத்துல இருக்கிற மதகு பழுதானா பொதுப்பணித்துறைக்கு மனு எழுதலாம். இங்க ஒரு தடவை சிக்கினா ஆள் போச்சு.

இந்த வால்வு யாருக்குத் தேவைப்படுது? நம்ம நாட்டுல நிறையப் பேருக்குச் சின்ன வயசுல வந்த தொண்டை வலியில ஆரம்பிக்குது. கவனிக்காம விட்டா ருமாட்டிக் காய்ச்சலா மாறி இதய வால்வைக் கெடுக்கும். நெரிசலான வீடு, பக்கத்துல டாக்டர் இல்லாத ஊரு, இங்கதான் இது அதிகம். அதாவது யாருக்கு வால்வு வாங்கக் காசு இல்லையோ அவங்களுக்குத்தான் வால்வு தேவை. 1970-கள்ல வால்வு முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. சர்ஜன் கை தயாரா இருக்கும், வைக்க வால்வு இருக்காது.

அப்போ திருவனந்தபுரத்துல ஒரு வேலை நடந்துச்சு. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல ஒரு பல மாடிக் கட்டடத்தை மக்களுக்குன்னு கேரள அரசுகிட்ட கொடுத்தாங்க. அதுல வந்ததுதான் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ மையம். டாக்டர் எம்.எஸ்.வலியத்தான்னு ஒரு இதய அறுவை நிபுணர், 2024 ஜூலையில காலமானாரு, அவர்தான் அதைக் கட்டி எழுப்பினவர். 'ஆஸ்பத்திரி மட்டும் போதாது, பக்கத்துலயே இன்ஜினியர்கள் வேணும்'னு நின்னாரு. ஆஸ்பத்திரியிலிருந்து 11 கிலோமீட்டர்ல பூஜப்புரா சாட்டல்மண்ட் அரண்மனையில ஆய்வுக்கூடம். ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி பிடிக்கிற ஆளும் பட்டறையில உலோகம் கடையிற ஆளும் ஒரே நிறுவனத்துச் சம்பளம். 1980-ல நாடாளுமன்றச் சட்டத்தால தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆச்சு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குக் கீழ.

இப்ப முக்கியமான விஷயம். அவங்க செஞ்ச முதல் மூணு மாதிரியும் தேறல. டிசைனைவிடப் பொருள்தான் காலை வாரிச்சு. உடம்புக்குள்ள போற பொருள் ரத்தத்தை உறைய விடக்கூடாது, தேயக்கூடாது, முறியக்கூடாது, உடம்பும் அதை ஒதுக்கக்கூடாது. கடைசியில நாலாவது மாதிரிதான் நின்னுச்சு. வளையம், ஜெட் எஞ்சினுக்குப் பயன்படுற கோபால்ட் கலப்பு உலோகம். தட்டு, ஒரு வகைப் பாலிஎத்திலீன், நம்ம வீட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்குப் பெரியப்பா மகன்னு வெச்சுக்கங்க, ஆனா பல மடங்கு உறுதி. மெஷின்ல கோடிக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்த்து, செம்மறி ஆட்டுக்கு வெச்சுப் பார்த்து, அதுக்கப்புறம் 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் மனுஷனுக்கு வெச்சாங்க.

தொழில்நுட்பத்தை வாங்கிட்டு உற்பத்திக்கு இறங்கினது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம சென்னை டி.டி.கே. குழுமம். ஆமா, நம்ம அடுப்படியில இருக்கிற பிரெஸ்டீஜ் குக்கர்காரங்கதான். இன்னைக்கு வரைக்கும் 'டி.டி.கே. சித்ரா வால்வு' ஒரு லட்சம் பேருக்கு மேல பொருத்தியாச்சு.

சரி, ஒரு கட்சிக் கூட்டத்துல எதுக்கு இதைச் சொல்றேன்?

நாம ஐ.டி. விங். நம்ம வேலை என்ன? எந்தத் திட்டம் யாரு கொண்டு வந்ததுன்னு தேதியோட போடறது. எதிர்த்தரப்பு ஸ்டிக்கர் ஒட்டினா கிழிக்கிறது. நானும் ராத்திரி 2 மணி வரைக்கும் அதைத்தான் பண்றேன். இந்த வால்வுக்கு அப்படி ஒரு கார்டு டிசைன் பண்ணலாம்னு உக்காந்தேன். யார் படம் போடறது?

1970-களின் பிற்பகுதியில ஆரம்பிச்ச வேலை. அதுக்கப்புறம் மொரார்ஜி, சரண் சிங், இந்திரா, ராஜீவ், வி.பி.சிங், முதல் வால்வு வெச்ச அன்னைக்குச் சந்திரசேகர். எத்தனை கட்சி எண்ணிக்கங்க. கேரளாவுல ஆட்சி எத்தனை கை மாறுச்சுன்னு எண்ணவே முடியல. கட்டடம் ராஜா குடும்பத்தோடது. அன்னைக்கு முதலமைச்சர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியோட அச்சுத மேனன். உற்பத்தி ஒரு தனியார் கம்பெனி. ஒரு பதிவுல இவ்வளவு பேர் படத்தையும் போட்டா அது கல்யாண ஃப்ளெக்ஸ் மாதிரி ஆயிடும். கார்டு டிசைன் பண்றதை விட்டுட்டேன்.

ஆனா அங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. மூணு மாதிரி தோத்த பிறகும் 'மக்கள் பணம் வீண்'னு யாரும் கதவைச் சாத்தல. இன்னைக்கு அப்படி நடந்தா முதல் மாதிரி தோத்த அன்னைக்கே நம்மள்ல ஒருத்தர் மீம் போட்டிருப்போம். நம்ம மனசைத் தொட்டுச் சொல்லணும், போட்டிருப்போமா இல்லையா?

அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாமதமான்னு கேட்டா, இன்னொரு கதை இருக்கு. அதே காலத்துல அமெரிக்காவுல பியார்க்-ஷைலின்னு ஒரு வால்வு. இதே மாதிரி சாயும் தட்டு வகை. அதுல ஒரு மாடல் உலகம் முழுக்க சுமார் 86,000 பேருக்கு வெச்சாங்க. தட்டைப் பிடிச்சிருந்த கம்பி சில பேருக்கு உள்ளேயே முறிஞ்சுது. நூத்துக்கணக்கான உயிர் போச்சு. 1986-ல சந்தையிலிருந்து எடுத்தாங்க. அதனால 'சீக்கிரம் முடி, திறப்பு விழா தேதி குறிச்சாச்சு'ங்கிற பேச்சு இந்தத் துறையில ஆபத்து.

டெல்டாக்காரங்களுக்கு இது புதுசா என்ன? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல ஆரம்பிச்சது. வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் ரகம் வருது. ஏ.டி.டி. 43 போட்ட வயல்ல நின்னு வளர்ந்தவங்கதான் நாம. ஒரு ரகம் வெளியே வர வருஷக்கணக்குல ஆகும்னு நம்ம அப்பாக்களுக்குத் தெரியும். ஒட்டுக் கட்டணும், பாத்தியில பார்க்கணும், விவசாயி வயல்ல போட்டுப் பார்க்கணும், விதை பெருக்கணும், டிப்போவுக்கு வரணும். விதைக்கு இருக்கிற இந்த வரப்புப் பாதை மருத்துவக் கருவிக்கு நம்ம பக்கத்துல இல்ல. அதுதான் என் பேச்சு.

என் கதையையே சொல்றேன். கல்லூரி கடைசி வருஷம் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் பண்ணோம். சலைன் பாட்டில் தீரப்போகும்போது மணி அடிக்கிற கருவி. சிரிக்காதீங்க, நிறையப் பேர் பண்ற புராஜெக்ட்தான், தெரியும். ஆனா ஆஸ்பத்திரியில அம்மாவுக்குத் துணையா ராத்திரி முழுக்க பாட்டிலையே பார்த்துக்கிட்டு உக்காந்தவனுக்குத் தெரியும் அது எதுக்குன்னு. கண்ணு அசந்தா ட்யூப்ல ரத்தம் ஏறி நிக்கும். எங்க கருவிக்குப் பரிசு கிடைச்சுது, போட்டோ எடுத்தாங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். நல்ல மனுஷன், பொறுமையா பார்த்துட்டு மூணு கேள்வி கேட்டாரு. இதை யார் சோதிச்சது? ஷாக் அடிக்காதுன்னு சான்றிதழ் எங்க? தப்பா மணி அடிச்சா, இல்ல அடிக்காமலே விட்டா பொறுப்பு யாரு? மூணுக்கும் பதில் இல்ல. கருவி டிபார்ட்மெண்ட் அலமாரிக்குள்ள போச்சு. இன்னும் அங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

டாக்டர் கேட்டது நியாயம். 2020 ஏப்ரல்ல இருந்து எல்லா மருத்துவக் கருவியும் மருந்து மாதிரியே சட்டத்துக்குள்ள வந்தாச்சு. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி-ன்னு நாலு வகுப்பு. வால்வு டி. எங்க மணிக்கும் மின் பாதுகாப்புச் சோதனை வேணும், அதுக்கு ஐ.இ.சி. 60601-ன்னு தனித் தரமே இருக்கு. படிக்கிற பையன் பாக்கெட் மணியில அந்தச் சோதனை நடக்காது. சித்ராவுல என்ன வித்தியாசம்னா சோதனைக்கூடம், ஆடு, டாக்டர், நோயாளி எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள்ள. நாங்க அலமாரியோட நின்னதுக்கும் அவங்க 1990-ஐத் தொட்டதுக்கும் நடுவுல மூளை ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல.

ரத்தப் பையும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிடறேன். முன்னாடி ரத்தம் கண்ணாடி பாட்டில்ல வந்துச்சு. பிளாஸ்டிக் பைக்கான தொழில்நுட்பமும் சித்ராவுல உருவாச்சு. அதை எடுத்துத் தொழிற்சாலை போட்டவர் 1983-ல ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுட்டு வந்த சி.பாலகோபால். பென்போல் கம்பெனி. அப்புறம் ஜப்பான் டெருமோ உள்ளே வந்துச்சு. நல்லதா கெட்டதான்னு டீக்கடையில பேசலாம். பை கிடைச்சுது, அது நிஜம்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். இந்தியாவுல மருத்துவக் கருவிகள்ல 70-லிருந்து 80 விழுக்காடு இறக்குமதின்னு அந்தத் துறைக்காரங்களே சொல்றாங்க. காப்பீட்டு அட்டையை நாம வீடு வீடா வாங்கிக் கொடுக்கிறோம். 2009-ல ஒரு ஆட்சி ஆரம்பிச்சது, 2012-ல அடுத்த ஆட்சி வேற பேர்ல தொடர்ந்தது, மக்களுக்கு அட்டை நின்னு போகல. நல்ல விஷயம். ஆனா அந்தப் பணத்துல ஒரு பகுதி ஸ்டென்ட்டா, மூட்டா, லென்ஸா உடம்புக்குள்ள போகுது. அதுல எது எங்க செஞ்சதுன்னு நாம ஒரு நாளும் கேட்டதில்ல. மதுரை ஆரோலேப் 1992-லேயே கண் லென்ஸை இங்க செஞ்சு விலையைக் கீழ இறக்கிக் காட்டிட்டாங்க. தமிழ்நாட்டால முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஒரகடத்துல மருத்துவக் கருவிப் பூங்கா வருது, 350 ஏக்கர். வரட்டும், சந்தோஷம். இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நம்ம பையன் பாலிதீன் கவர்ல சர்க்யூட் போர்டைச் சுத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போவானா? இந்தப் பக்கம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் திருச்சி என்.ஐ.டி., நடுவுல திருமலைசமுத்திரத்துல சாஸ்த்ரா. இந்தக் கூடத்திலிருந்து எல்லாமே பைக்ல ஒரு மணி நேரத்துக்குள்ள. டெல்டாவுக்குன்னு ஒரு பொதுச் சோதனைக்கூடம் வேணும், மாணவனுக்குக் கட்டணச் சலுகையோட. மருத்துவக் கல்லூரியில 'கருவி கொண்டு வந்தா இவரைப் பாருங்க'ன்னு ஒரு ஆள், ஒரு நாற்காலி வேணும். தேறின கருவியை மருத்துவப் பணிகள் கழகம் கொஞ்சம் எண்ணிக்கையிலாவது வாங்கிப் பார்க்கணும். முதல் ஆர்டர் கிடைக்காம எந்தக் கம்பெனியும் நிக்காது. டி.டி.கே. மாதிரி பொறுத்துக்கிட்டு இருக்கிற கம்பெனி ரொம்பக் குறைவு.

இதையெல்லாம் நம்ம கட்சி செஞ்சா நமக்கு ஓட்டு வருமான்னு ஒன்றியத்துல ஒரு அண்ணன் கேட்டாரு. அடுத்த தேர்தலுக்கு வராதுண்ணே. நாம ஆரம்பிச்சா ரிப்பன் வெட்டுறது வேற யாராவதா இருக்கலாம். நம்ம ஆளுங்க ஆரம்பிச்சதை அவங்க நிறுத்தினா கத்துவோம். அவங்க ஆரம்பிச்சதை நம்ம ஆளுங்க நிறுத்தினாலும் கத்தணும். இந்த ரெண்டாவது வரிக்குக் கைதட்டல் கொஞ்சம் கம்மியா வந்துச்சு, பதிவுலயும் அதைக் குறிச்சு வைக்கிறேன்.

இன்னொண்ணு, சின்ன விஷயம், ஆனா நாளைக்கே செய்யலாம். எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு இந்த மாதிரி உலோக வால்வுதான் வெச்சிருக்கு. வால்வு வெச்சவங்க ரத்தம் உறையாம இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடணும். அளவு சரியான்னு ஐ.என்.ஆர்.னு ஒரு ரத்தப் பரிசோதனை அப்பப்போ பார்க்கணும். குறைஞ்சா வால்வு அடைக்கும், கூடினா ரத்தக் கசிவு. அந்த அக்கா அதுக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு தஞ்சாவூர் பஸ் ஏறுது. இந்த ஒரு பரிசோதனை நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே தவறாம நடக்கணும்னு மனு தயார் பண்ணிட்டேன்.

சுத்துப்பட்டு ஊர்கள்ல வால்வு மாத்தினவங்க யாராவது இருந்தா, அவங்க சம்மதத்தோட, எண்ணிக்கையை மட்டும் கிளைத் தோழர்கள் உட்பெட்டியில அனுப்புங்க. பேரு வேணாம், போட்டோ கண்டிப்பா வேணாம். அலமாரியில புராஜெக்ட் தூங்குற தம்பி தங்கைகள் கமெண்ட்ல ஒரு வரி போடுங்க, என்ன கருவி, எங்க நின்னு போச்சுன்னு. அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இதே கூடத்துல உக்காந்து ரெண்டு மனுவையும் எழுதி முடிக்கிறோம். டீ, வடை ஒன்றியத்து அண்ணன் பொறுப்பு. மேடையில வெச்சே ஒத்துக்கிட்டாரு.