அப்பாவிடம் கேட்டீர்களா?

கல்யாணம் என்றால் பந்தியில் என்ன பாயசம் என்பதுவரை கூடிப் பேசுகிறோம். கடைசி நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால், 'அபசகுனமா பேசாதே' என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

பிறகு ஒருநாள், ஐசியூ வாசலில் டாக்டர் கேட்பார்: "வென்டிலேட்டர் வைக்கலாமா?" அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை ஒன்று சொல்வார். அப்பாவின் விருப்பம் என்ன? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவே இல்லையே!

மீளவே முடியாத நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023-இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று. போதும்.

எழுதுவதற்கு முன் பேச வேண்டும். பேசினால் ஆயுசு குறையாது. அப்பா தெம்பாக இருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.