காவிரிக் கரையில் நான்கு நாள் நடை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நடை. உரைநடையன்று, காலால் நடக்கும் நடை. நம் அக்ரஹாரத்திலிருந்து புறப்பட்டு, காவிரிக் கரையை ஒட்டித் தலைக்காடு வரையில் நான்கு நாள் நடந்து செல்வது எப்படி, ஏன் செல்ல வேண்டும் என்பதே என் பேச்சு.

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைசூர் மக்கள் பருகும் நீரில் பெரும்பகுதி காவிரியும் கபினியும் தருவது. நம் பிள்ளைகள் காவிரியைக் குழாயில் அறிவார்கள். அதன் பின்னர்ச் செய்தித்தாளில் அறிவார்கள். செய்தித்தாளில் அது ஆறாக வருவதில்லை, ‘டி.எம்.சி.’ என்னும் கணக்காக வருகிறது. 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007-இல் வந்த இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என அந்தக் கணக்கு நீள்கிறது. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் இக்கணக்கு தெருவுக்கு வந்தது. பெங்களூரிலும் இப்பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் கதவை அடைத்துக்கொண்டு இருந்த நாட்களை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தமிழருக்குத் தம் வீட்டில் புகலிடம் தந்த கன்னட அன்பர்களையும் நாம் மறத்தலாகாது. அந்நாள் முதல், காவிரி என்ற சொல்லை நாம் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே உச்சரிக்கப் பழகிவிட்டோம். “காவிரி நம்முடையதா, அவர்களுடையதா?” என்று பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். பேச்சை மாற்ற வேண்டியதில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தால் போதும். விடை வழியிலேயே கிடைக்கும்.

முதல் நாள் நூற்றொரு கணபதியை வணங்கி இராமாநுஜர் சாலையில் நடையைத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் பிறந்த இராமாநுஜர் போசள நாட்டுக்கு வந்து, தொண்டனூரிலும் மேலுகோட்டையிலும் தங்கித் தொண்டு செய்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அவர் வழிவந்த மண்டயம், ஹெப்பார் ஐயங்கார்கள் நூற்றாண்டுகள் பலவாக இம்மண்ணில் தமிழைத் தம் வீட்டு மொழியாகக் காத்து வருகின்றனர். கன்னடம் கலந்த அத்தமிழைக் கேட்டுச் சிலர் நகைப்பதுண்டு. நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. புலம்பெயர்ந்த மொழி உயிரோடிருக்கும் வழி அது.

நெடுஞ்சாலையை விடுத்து, பெளகொள, பாலஹள்ளி ஊர்கள் வழியாக நடந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேரலாம். வழியெங்கும் வாய்க்கால், நெல், கரும்பு. வழிநெடுக ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகள் படித்துக்கொண்டு வரட்டும். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும் என்று ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். பால் ஹாலு ஆகும். பூ ஹூவு ஆகும். பல் ஹல்லு ஆகும். பள்ளி ஹள்ளி ஆகும். பிறகு பிள்ளைகளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்வார்கள். இரு மொழிகளும் உடன்பிறந்தவை என்று மேடையில் நாம் முழங்குவதைக் காட்டிலும் இந்த விளையாட்டு அவர்கள் நெஞ்சில் நன்றாகப் பதியும்.

பாலஹள்ளிக்கு அருகில் இருப்பது ரங்கனதிட்டு. 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராசர் ஆற்றில் கட்டிய அணையால் சிறு தீவுகள் உண்டாயின. தீவுகளில் பறவைகள் குடியேறின. பறவை அறிஞர் சலீம் அலி எடுத்துரைக்க, 1940-இல் மைசூர் அரசு இவ்விடத்தைப் பறவைப் புகலிடமாக அறிவித்தது. கரண்டிவாயன், நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா ஆகியவற்றைப் படகில் அமர்ந்து காணலாம். பாறைகளின் மேல் முதலைகளும் வெயில் காயும்; ஆதலால் நீரில் கைவிட வேண்டா.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு முழுப் பிற்பகலேனும் தங்குதல் வேண்டும். காவிரி இரண்டாகப் பிரிந்து இத்தீவைத் தழுவிச் சென்று, கிழக்கு முனையில் மீண்டும் ஒன்றாகிறது. நடுவே பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரை ஆதிரங்கர் என்பர். சிவனசமுத்திரத்துத் தீவில் இருப்பவர் மத்தியரங்கர். திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவரங்கத்துத் தீவில் இருப்பவர் அந்தியரங்கர். பெயரிட்டவர்கள் ஆற்றை இரண்டு மாநிலங்களாகக் காணவில்லை. தலையும் இடையும் காலுமாக ஒரே உடலாகக் கண்டார்கள்.

1610-இல் இராச உடையார் இந்நகரைக் கைக்கொண்டார். பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கிருந்தே ஆண்டனர். 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். தலைநகரம் மீண்டும் மைசூருக்கு வந்தது. கோட்டைக்குள் அவர் உடல் கிடந்த இடத்தைக் கல் நட்டுக் குறித்துள்ளனர். கோயிலும், 1787-இல் திப்பு கட்டிய மசூதியும் சிறிது தொலைவிலேயே நிற்கின்றன. 1784-இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஒரு பெரிய போர் ஓவியம் உண்டு. அங்கே தீட்டப்பட்டிருப்பது காஞ்சிபுரத்துக்கு அருகில் 1780-இல் நடந்த பொள்ளிலூர்ப் போர். மைசூர்ப் படை தமிழ்நாட்டு வயல்களில் பெற்ற வெற்றி அது. படையெடுப்பில் துன்புற்றவர்கள் நம் முன்னோர். படையில் சென்றவர்கள் நம் அண்டை வீட்டாரின் முன்னோர். இன்று இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து அப்போரைப் பாடமாகப் படிக்கிறார்கள். வரலாறு நமக்குக் காட்டும் ஆறுதல் இது.

இரண்டாம் நாள், தீவை விட்டுக் கிழக்கு நோக்கி அரகெரெ வழியாகப் பன்னூருக்கு நடை. நான்கு நாட்களில் நெடிய நடை இதுவே. ஏறக்குறைய 25 கிலோமீட்டர். காட்சிக்கெனத் தனியிடம் எதுவும் இல்லை. வாய்க்காலில் ஆடை வெளுப்பவர்களும், கரும்பு ஏற்றிய வண்டிகளும், வெல்லம் காய்ச்சும் ஆலைகளின் மணமுமே காட்சி. உழவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் மோர் கிடைக்கும். பசித்தவர்க்குக் கேழ்வரகுக் களி உருண்டையும் கீரைச் சாறும் கிடைக்கும். நீருக்காக இங்குள்ள உழவர் ஏன் கலங்குகிறார் என்பதை அவர் வாயால் கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் தம் வயல் என்ன ஆயிற்று என்று அவர் சொல்வார். தஞ்சையில் உறவினர் உள்ளவர்களுக்கு அச்சொற்கள் புதியனவாக இரா. மொழி மட்டுமே வேறு.

மூன்றாம் நாள் காலை சோமநாதபுரம். போசள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகன் சோமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் இங்கே ஓர் அக்ரஹாரத்தை நிறுவி, அதன் நடுவே கேசவன் கோயிலைக் கட்டினான். அந்த அக்ரஹாரம் மறைந்துவிட்டது, கோயில் நிற்கிறது. விண்மீன் வடிவான மேடையின் மேல் மூன்று கருவறைகள். வெளிச் சுவரின் அடிவரிசையில் யானையும் குதிரையும் அணிவகுக்க, மேலே இதிகாசக் கதைகள் தொடர்கின்றன. மல்லிதம்மன் முதலிய சிற்பிகள் தாம் செதுக்கிய உருவங்களின் கீழ்த் தம் பெயரையும் வெட்டியுள்ளனர். 2023-இல் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் பேலூர், ஹளேபீடுக் கோயில்களோடு இதுவும் சேர்ந்தது.

அன்று மாலை திருமகூடலு நரசிபுரம். காவிரியும் கபினியும் இங்கே கூடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத மூன்றாம் தீர்த்தம் ஒன்றும் சேர்வதாக நம்பிக்கை. மைசூரில் நம் குடத்தை நிறைக்கும் இரண்டு ஆறுகளும் கைகோப்பதை இங்கே கண்ணால் காணலாம். கூடலில் இருக்கும் கோயில் அகத்தீசுவரருக்கு உரியது. தமிழுக்கு இலக்கணம் வகுத்ததாக நாம் போற்றும் அகத்தியரே இங்கே இலிங்கத்தை நிறுவினார் என்று கன்னட நாட்டார் போற்றுகின்றனர். காவிரியைக் கமண்டலத்தில் கொணர்ந்த முனிவர் அவர். அவரை எந்த மாநிலத்தவர் என்று சொல்வது? 1989 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே கும்பமேளா நடந்து வருகிறது.

நான்காம் நாள், ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நடந்தால் தலைக்காடு. கங்க மன்னர்களின் தலைநகரம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் இதனை வென்று இராசராசபுரம் என்று பெயரிட்டனர். அக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரில் உள்ளன. எழுத்தறியத் தொடங்கிய குழந்தைக்கு அவற்றைக் காட்டுங்கள். 1116-ஆம் ஆண்டையொட்டி விஷ்ணுவர்த்தனனின் தானைத் தலைவன் கங்கராசன் சோழர் பக்கத்து அதியமானை வென்று நகரை மீட்டான். அரசன் ‘தலைக்காடு கொண்டவன்’ என்னும் விருதைப் பூண்டு, கீர்த்திநாராயணருக்குக் கோயில் எழுப்பினான். கங்கையைக் கொண்ட சோழனும் தலைக்காட்டைக் கொண்ட போசளனும் ‘கொண்ட’ என்ற ஒரே சொல்லால் பெருமிதம் கொண்டார்கள்.

கொண்டவர்கள் அனைவரையும் பின்னர் மணல் கொண்டது. மேட்டு மணலில் கால் புதைய நடந்து, படியிறங்கித்தான் இன்று பாதாளேசுவரரைக் காண இயலும். விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா தன் நகைகளைப் பறிக்க வந்தோரிடமிருந்து தப்பிக் காவிரியில் பாய்ந்தாள் என்றும், தலைக்காடு மணலாகுக, மைசூர் மன்னர்க்கு மக்கட்பேறு இல்லாது போகுக என்று சபித்தாள் என்றும் கதை வழங்குகிறது. ஆய்வாளர் சிலர் வேறொன்று கூறுகின்றனர்: 14-ஆம் நூற்றாண்டில் மாதவ மந்திரி கட்டிய அணையால் ஆற்றுப் படுகை வெளிப்பட்டு, அந்த மணலைக் காற்று ஊருக்குள் கொணர்ந்தது என்பது அவர்கள் கருத்து. கதை பெண்ணின் கண்ணீரைச் சொல்கிறது. ஆய்வு ஆற்றின் இயல்பைச் சொல்கிறது. ஆற்றுக்குச் செய்யும் எதற்கும் ஒரு விலை உண்டு என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

விருப்பமுள்ளவர்கள் ஐந்தாம் நாள் பேருந்தில் சிவனசமுத்திரம் சென்று ககனசுக்கி, பரசுக்கி அருவிகளைக் காணலாம். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய மின்நிலையத்திலிருந்து 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அச்சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழர். காவிரியின் வீழ்ச்சி அவர்களுக்கு விளக்காயிற்று.

இனி நடைமுறைக்கு வருகிறேன். டிசம்பர், ஜனவரித் திங்கள்கள் ஏற்றவை. விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பாதி வழியைக் கடந்துவிடுதல் நலம். படுக்கையையும் பாத்திரங்களையும் ஒரு வண்டியில் முன்னே அனுப்பலாம். முதியோரும் கைக்குழந்தைக்காரரும் அதிலேயே ஏறிக்கொள்ளலாம். தங்குமிடங்களை முன்னரே பேசி வைத்தல் வேண்டும். ஒன்றை வலியுறுத்திக் கூறுகிறேன்: ஊரார் காட்டாத துறையில் எவரும் இறங்கலாகாது. காவிரி மேலே அமைதியாகத் தோன்றும். உள்ளே சுழல் உண்டு. கண்ணம்பாடி அணையைத் திறந்தால் நீர் விரைந்து உயரும். கூடல்களிலும் தலைக்காட்டுத் துறையிலும் உயிரிழந்தோர் பலர்.

அன்பர்களே, நான்கு நாள் நடப்பதால் வழக்குத் தீர்ந்துவிடாது. பங்கீட்டை நீதிமன்றமும் ஆணையமும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அடுத்த முறை மழை பொய்த்து, செய்தித்தாளில் அக்கணக்கு மீண்டும் பெரிய எழுத்தில் வரும்பொழுது, பன்னூர்த் திண்ணையில் மோர் தந்த உழவரின் முகம் நம் பிள்ளைக்கு நினைவு வரும். நம் பிள்ளையின் முகம் அவருக்கும் நினைவு வரலாம். எந்த ஒப்பந்தமும் தர இயலாத காவல் அது.

ஆதலால் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இந்நடையைச் சங்கமே ஏற்பாடு செய்தல் வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தம் தெருவிலுள்ள கன்னடக் குடும்பம் ஒன்றை உடன் அழைத்து வருதல் வேண்டும். சங்கம் என்பதும் சங்கமம் என்பதும் கூடுதலையே குறிக்கின்றன. அறைக்குள் கூடும் நாம் ஆண்டுக்கொரு முறை ஆற்றங்கரையிலும் கூடுவோமாக.