கறுவாவின் பெருமையும் அளவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபர் சங்க மேடையில் கறுவாப்பட்டையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நாள்தோறும் நம் சமையலறையிற் கிடக்கும் அப்பொருளை நாம் சரியாக அறிந்திருக்கிறோமா என்பதே எனது கேள்வி. அறியாவிட்டால் பணமும் போகும். சில வேளை உடல் நலமும் போகும்.

முதலில் நமது கரையின் பழங்கதையைக் கேளுங்கள். 1344 ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பதூதா, பத்தாலா என்னும் பட்டினத்தில் வந்திறங்கினார். அது நமது புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் கொள்கை. ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, சிவனொளிபாத மலைக்குச் செல்லத் துணையும் கொடுத்தான். வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் இக்கரையிற் குன்றுகள்போற் குவிந்து கிடந்தன என்றும், பாண்டி நாட்டுக் கரையாரும் மலையாளக் கரையாரும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்தனர் என்றும் அவர் குறித்துள்ளார்.

விலையின்றிக் கிடந்த அப்பொருளுக்காகவே பின்னர் பீரங்கிகள் முழங்கின. 1505 இல் வந்த போர்த்துக்கேயரின் கண்ணைப் பறித்தது, சிலாபம் தொடங்கித் தெற்கே வளவை கங்கை வரை காடாக வளர்ந்திருந்த கறுவாவே. அவர்களை ஓட்டிய ஒல்லாந்தர் அவ்வியாபாரத்தைத் தமக்கே உரியதாக்கினர். 1796 இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய அத்தனியுரிமை 1833 இலேயே ஒழிந்தது. கொழும்பிலே கறுவாத்தோட்டம் என்று ஓர் இடம் பெயர் பெற்றிருப்பதும் அக்காலத்தின் அடையாளமாகும்.

நிற்க. இன்று கடையில் கறுவா என்று விற்கப்படுவதெல்லாம் நமது கறுவா அன்று. கசியா எனப்படும் சீனக் கறுவாவும் அதே பெயரில் உலகெங்கும் விலைப்படுகிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. நமது கறுவா, மெல்லிய பட்டைகள் பல ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்பட்டு, சுருட்டுப்போல் இருக்கும்; கையால் நொறுக்கலாம்; மணம் மென்மையானது. கசியாவோ தடித்த ஒற்றைப் பட்டை, உள்ளே குழல்போல் வெறுமை, ஒடிப்பது கடினம், காரம் மிகுதி. தூளாக்கிவிட்டாலோ கண்ணாற் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, பட்டையாக வாங்கி வீட்டில் இடிப்பதே உத்தமம்.

இவ்வேற்றுமை சுவையோடு முடிவதன்று. கசியாவிற் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நமது கறுவாவில் அது மிகச் சொற்பம். கூமரினை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால், சிலருக்கு ஈரல் பழுதுபடும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராம் கசியாத் தூளைத் தாண்டலாகாது என்பது ஜெர்மனிய அரசாங்க ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. தேக்கரண்டி ஒன்று நிரம்பினாலே அவ்வளவு வந்துவிடும். கறிக்கு இடும் சிறு துண்டைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மருந்தென்று தினமும் கரண்டி கரண்டியாக அருந்துவோரே எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

சலரோகக்காரர் சிலர் கறுவாத் தண்ணீரை நம்பி வைத்தியர் கொடுத்த குளிசையை நிறுத்திவிடுகின்றனர். இதைக் கேட்கும்போது மனம் பதைக்கிறது. கறுவா இரத்தத்திலுள்ள சீனியைச் சிறிது குறைக்கக்கூடும் என்று சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வேறு சில அவ்வாறு கூறவில்லை. குளிசைக்கு அது ஈடாகாது. கண்ணும் காலும் பழுதுபட்டபின் வருந்தி என்ன பயன்?

நம் முன்னோர் கறுவாவை மருந்தாகப் போற்றியவர்களே. ஆயினும் அளவறிந்து போற்றினர். இருமலுக்குக் கொடுக்கும் சீதோபலாதி சூரணத்தைப் பாருங்கள். கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2. கறுவாவோ 1 பங்கு மாத்திரமே! முப்பத்தொன்றில் ஒன்று. அந்த ஒரு பங்கிலேதான் அவர்களது அறிவு விளங்குகிறது.

எண்ணெய் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இலையை வடித்தெடுக்கும் எண்ணெயில் இயூஜினோல் மிகுதி. கராம்பெண்ணெயிலும் முக்கிய பொருள் அதுவே. பட்டை எண்ணெயில் சினமல்டிகைட்டு மிகுதி, விலையும் அதிகம். இரண்டும் வாசனைத் திரவியங்களுக்கும் உணவுத் தொழிலுக்கும் உதவுவன. ஆயினும், கலப்பில்லாத எண்ணெய் தோலிற் பட்டால் எரியும், கொப்புளிக்கும். அதைக் குடித்தலாகாது, குழந்தைகளின் கைக்கெட்ட வைத்தலும் ஆகாது.

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு சொல். 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் கறுவா' என்னும் பெயருக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. பெயர் காக்கப்பட்டுவிட்டது, பட்டை உரிக்கத்தான் கைகள் போதவில்லை. வெளித்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் உருட்டித் தேய்த்து, கிழியாமல் உரித்து, நிழலில் உலர்த்தும் அவ்வேலை இழிதொழில் அன்று, அருங்கலை. நமது மாவட்டத்து லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழை போதிய தென்பகுதியிலே தென்னையின் கீழ்க் கறுவா நடலாமா என்று அங்கே சென்று விசாரியுங்கள்.

தாய்மார்களே, பட்டையைப் பார்த்து வாங்குங்கள். பெரியோர்களே, குளிசையை நிறுத்தாதீர்கள். ஒரு காலத்தில் உலகமே நாடி வந்த பொருள் இது. அதன் மெய்யான தன்மையை நாமே அறியாதிருப்பது அழகன்று என்று கூறி, என் உரையை முடிக்கின்றேன்.