ஆறு வயசுப் பல்லும் ஒண்ணாம் வகுப்பு டீச்சரும்

பிள்ளைக்குச் சுத்தம் கற்றுத் தருவது பள்ளிக்கூடமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அம்மா கேட்டாங்க, "பல் தேய்க்கிறது வீட்டு வேலை. வாத்தியாருக்கு அதிலே என்னங்க வேலை?"

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ஆறு வயசு வாக்கிலே கடைவாய்ப் பக்கம் பெரிசா ஒரு பல் முளைக்குதே, அது பால் பல்லா, நிலைப் பல்லா? (அரங்கில் அமைதி)

பாருங்க, பதிலே இல்லை! (சிரிப்பு) அது நிலைப் பல்லுங்க. எந்தப் பல்லும் விழாமலே, பின்னாலே சத்தமில்லாம வந்து உட்கார்ந்துக்கும். நாமளோ, "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்"னு விட்டுடறோம். அது போனா போனதுதான், மறுபடி முளைக்காது!

அந்தப் பல் வர்ற வயசுதான் ஒண்ணாம் வகுப்பு வயசு. அங்கே சொல்லாம வேற எங்கே சொல்றது? நடக்குமான்னு கேட்காதீங்க. ஸ்காட்லாந்திலே 'சைல்ட்ஸ்மைல்' திட்டத்திலே நர்சரிப் பிள்ளைகள் பெரியவங்க மேற்பார்வையிலே ஃபுளோரைடு பேஸ்ட் வச்சுப் பல் தேய்க்கிறாங்க.

காலையிலே தேய்க்க வீடு சொல்லித் தந்தது. சரி, ராத்திரி? தூக்கத்திலே எச்சில் சுரப்பது குறையும். பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். இதை டீச்சர் சொன்னா, பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நீயும் தேய்ச்சுட்டுப் படு"ன்னு சொல்லும். (கைதட்டல்)

பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்குச் சொன்னா, வீடே திருந்தும்.