வாசல் வரை நான் வருகிறேன்

(நம் சந்திப்பில் நண்பர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் விருப்பப்படி பெயர் குறிப்பிடப்படவில்லை.)



சென்ற சந்திப்பில் என்னைக் கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுபோனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நன்றிப்பா! இன்று நான் குடிப்பதில்லை.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் மனம்விட்டுப் பேசியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. சென்னையிலும் குழுக்கள் உண்டு. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தணும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

விலாசத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அந்தத் தெருமுனை வரை போய், யாராவது பார்த்துடுவாங்களோன்னு திரும்பிட்டேன். பாருக்குப் போகும்போது அந்தக் கவலை வந்ததே இல்லை! நான்காவது வாரம் உள்ளே போனேன். அவரவர் கதையைச் சொன்னார்கள். யாரும் புத்தி சொல்லவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருங்க, போதும்" என்றார் ஒரு பெரியவர்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு.

நம் செட்டில் ஒருவனைக் குடிக்குக் கொடுத்துவிட்டோம். இன்னொருவன் வேண்டாம். தேவைப்படுகிறவர்கள் தனியாக என்னிடம் சொல்லுங்கள். வாசல் வரை அல்ல, உள்ளேயும் கூடவே வருகிறேன்.