பாறை போட்ட ஊர்க்கணக்கு

இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில், மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த தாள்கள் உண்டு. அவற்றில் 58 ஜி/12 என்ற எண்ணுள்ள தாள் நம் சங்கரன்கோவில் பகுதிக்கு உரியது. விரித்ததும் கண்ணில் படுபவை குளங்கள். வளைந்த கரை, கரைக்குக் கீழே வயல், பக்கத்திலேயே நெருக்கியடித்த வீடுகள்.

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இங்குள்ள கடினப் பாறை தண்ணீரைக் குடிக்காது. அதன் வெடிப்புகளிலும், மேலே மக்கிய பகுதியிலும் மட்டுமே நீர் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரை போட்டு மறித்தால்தான் வெள்ளாமை. ஒருவர் தனியாகக் குளம் வெட்ட முடியுமா? ஊர் கூடித்தான் வெட்ட வேண்டும்; கூடித்தான் குடியிருக்க வேண்டும்.

இதற்கு மாறாக, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர் அந்தப் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. வெடிப்பு துவாரமாகிறது, துவாரம் குகையாகிறது. அதனால் அங்கே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். நிலத்தடிக்கு இறங்கும் மழைநீர், உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். தோண்டினால் தண்ணீர் உண்டு என்பதால் வளவுக்கு வளவு கிணறு, துலா, கிளுவை வேலி. செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்றை நம்பியே விளைந்தன. வீடுகள் நம் ஊர்போல் ஒட்டி நிற்காமல் தோட்டங்களுக்குள் பரவி நின்றன. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்பதுதான் அந்த வாழ்க்கையின் ஆபத்து.

நம் பக்கமும் சுண்ணாம்புப் பாறை உண்டு. தாழையூத்தில் அது கடினப் பாறைக்கு நடுவே பட்டை பட்டையாக ஓடுகிறது. 1949இல் அங்கே சிமென்ட் ஆலை வந்தது; சங்கர் நகர் என்ற ஊர் எழுந்தது. மறு ஆண்டே யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறையிலும் ஆலை. கிணற்றுக்காக ஊர் அமைத்துத் தந்த பாறை, கல்லுக்காகவும் ஊர் அமைத்தது.

மீண்டும் அந்த வரைபடத்துக்கு வருவோம். பழைய தாளில் குளமாக இருந்த இடம் பல ஊர்களில் இன்று மனைப்பிரிவு. 1:50,000 அளவு வரைபடங்களை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ள 2017இல் நில அளவைத் துறை வழி செய்தது. மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தோடு அதையும், கிடைத்தால் பழைய தாளையும் பார்த்துவிடுங்கள். வாங்கும் இடம் குளத்துக்குள் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.