தாழ்த்திய காரும் தரையைப் பற்றும் சில்லும்



இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய ஸ்போட்ஸ் கார் ஒன்று வீதியோரத்தில் நிற்கின்றது. அதன் சொந்தக்காரர் பத்தடி பின்னே சென்று நின்று அதனை நோக்குகின்றார். எஞ்சினில் குறையில்லை, வர்ணமும் புதிது. ஆயினும் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. சில்லுக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் மட்காட்டுக்கும் இடையே நான்கு விரல்களை நுழைக்கலாம் போன்ற இடைவெளி தெரிகின்றது. பாயும் புலியைப்போல் பதுங்கி நிற்கவேண்டிய கார், நெடுங்கால் நாரையைப்போல் நிற்கின்றதே என்பது அவர் கவலை. இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் அழகும் வரும், வளைவுகளில் ஓட்டமும் திருந்தும் என்று நண்பர்கள் சொல்கின்றார்கள். அழகு வரும் என்பதில் ஐயமில்லை. ஓட்டம் திருந்துமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட ஆங்கில நாட்டுக் கார் ஒன்றின் வரலாறு மிகவும் பொருத்தமானது. ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையில் உள்ள அபிங்டன் என்னும் சிற்றூரில் எம்.ஜி. கார்களைச் செய்யும் தொழிற்சாலை இருந்தது. மொறிஸ் கராஜஸ் என்ற பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. ஆயின. அங்கே சிட் எனெவர் என்பவரின் தலைமையில் உருவாகி, 1962ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது எம்.ஜி.பி. என்னும் கார். செல்வர்களின் ஆடம்பரப் பொருளாக அன்றி, சம்பளத்தில் வாழும் இளைஞனும் சேமித்து வாங்கக்கூடிய ஸ்போட்ஸ் காராக அது அமைந்தது. முன்சில்லுகளைச் சுருள்வில்கள் தாங்கின. பின்பக்கத்தில், மாட்டு வண்டிக் காலம் முதல் உலகம் அறிந்த தகட்டுவில்கள் இரண்டு உறுதியான அச்சைத் தாங்கின. புதுமை ஒன்றும் இல்லாத அமைப்புத்தான். எனினும் லெ மான் நகரின் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தை 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அது ஓடி முடித்தது.

பின்னர் ஒரு சோதனை நேர்ந்தது. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் மோதினாலும் விளக்குகள் முதலியன பழுதுறாதவாறு பம்பர்கள் அமையவேண்டும், அவை குறித்த உயரத்தில் இருக்கவும் வேண்டும் என்று ஐக்கிய அமெரிக்கா சட்டம் செய்தது. எம்.ஜி. கார்களின் பெரிய சந்தை அமெரிக்காவே. புதிய கார் ஒன்றை வரைவதற்குப் பணம் இல்லை. ஆகவே 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கரிய நிறமுடைய கனத்த பம்பர்களைப் பொருத்தி, காரின் உடலையே ஓர் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் இடைப்பட்ட அளவில் உயர்த்திவிட்டார்கள். அதனோடு நிற்கவில்லை. கார் வளைவில் ஒருபுறம் சாய்வதைக் கட்டுப்படுத்த முன்பக்கத்தில் இருந்த உருக்குக் கோல், 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் வழமையான உறுப்பாக வரவில்லை. விரும்பியவர் தனியே கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. சில்லறைச் சிக்கனத்தால் பெருங்குறை விளைந்தமைக்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று தேடவேண்டியதில்லை. வளைவுகளில் கார் ஆடிச் சாய்ந்தது. பழைய காரை ஓட்டிப் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள்.

1976ஆம் ஆண்டில், அடுத்த ஆண்டுக்கான மாதிரியில், தொழிற்சாலையார் இக்குறையைத் திருத்த முற்பட்டார்கள். எவ்வாறு திருத்தினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. காரின் உயரம் முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. சட்டம் அதற்கு இடங்கொடுக்கவுமில்லை. முன்னும் பின்னும் சாய்வைத் தடுக்கும் கோல்களைப் பொருத்தினார்கள். உயரம் உயர்ந்தபடியே இருக்க, ஓட்டம் கணிசமாகத் திருந்தியது. அபிங்டன் தொழிற்சாலை 1980ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூடப்படும்வரை கார் அந்நிலையிலேயே வெளிவந்தது. மொத்தம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் உலகுக்குக் கிடைத்தன. அவற்றுள் எஞ்சியுள்ள உயர்ந்த கார்களை வைத்திருப்போர், இன்றும் அவற்றை இறக்குவதா விடுவதா என்று தம்முள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இறக்குவதால் நன்மை இல்லையென்று சொல்வது தவறு. கார் வளைவில் திரும்பும்போது உட்புறச் சில்லுகளின் சுமையில் ஒரு பகுதி வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகின்றது. காரின் பாரம் குவிந்திருக்கும் மையம் உயரமாக இருந்தால் அதிகம் மாறும். தாழ்ந்திருந்தால் குறைவாக மாறும். கணக்குக்காக, ஒரு தொன், அதாவது 2240 இறாத்தல் எடையுள்ள காருக்குப் பார மையம் 20 அங்குல உயரத்திலும், சில்லுகளுக்கிடையே அகலம் 49 அங்குலமாகவும் இருப்பதாகக் கொள்ளுங்கள். தன் எடையின் பத்தில் ஏழு பங்கு விசையோடு கார் வளைந்தால் 640 இறாத்தல் சுமை இடம் மாறும். ஓர் அங்குலம் இறக்கினால் 608 இறாத்தல் மாறும். மிச்சம் 32 இறாத்தல். இது நன்மைதான், ஆனால் நண்பர்கள் சொல்லும் அளவுக்குப் பெருநன்மை அன்று.

இனி, இழப்பது எது எனப் பார்க்கவேண்டும். வீதியில் ஒரு மேடு வரும்போது சில்லு மேலெழுவதற்கு இடம் வேண்டும். இறக்கிய அளவு இந்த இடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. முன்னர் மூன்று அங்குலம் எழக்கூடிய சில்லு இப்போது இரண்டு அங்குலமே எழும் என வைத்துக்கொண்டால், அதே அடியைத் தாங்குவதற்கு வில்லின் விறைப்பு இரண்டேகால் மடங்காக வேண்டும். விறைப்பைக் கூட்டினால் மேடுபள்ளமான வீதியில் சில்லு துள்ளும். துள்ளும் சில்லு தரையைப் பற்றுவதில்லை. கூட்டாமல் விட்டாலோ, அச்சு மேலே சென்று முட்டும் இடத்திலுள்ள றப்பர்க் கட்டையில் மோதும். அக்கணத்தில் வில் இருந்தும் இல்லாததற்குச் சமம். நேர்வீதியில் அது முதுகுக்கு ஓர் அடி, அவ்வளவே. மழைநாளில், வளைவின் நடுவில், வெளிப்புறச் சில்லு அவ்வாறு மோதினால் கார் கைமீறி வழுக்கும். ஓட்டுபவருக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கேடும் உண்டு. முன்சில்லைத் தாங்கும் கீழ்க்கரங்கள் குறித்த ஒரு சாய்வில் நிற்குமாறு வரையப்பட்டவை. உடல் இறங்கும்போது அக்கரங்களின் வெளிநுனி மேல்நோக்கித் திரும்பிவிடுகின்றது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கின்றதோ அந்தப் புள்ளி, பார மையத்தைவிட விரைவாகக் கீழிறங்கலாம். அப்போது இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுகின்றது. தாழ்த்திய கார், தாழ்த்தாத காரைவிட அதிகமாகச் சாயமுற்படுகின்றது! சில்லைத் திருப்பும் கோல்களும் ஒவ்வாத கோணத்துக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் சில்லு தானாகச் சிறிது திரும்பும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நேரே செல்லப் போராடவேண்டியிருக்கும்.

எம்.ஜி.பி. வெளிவந்த அதே 1962ஆம் ஆண்டில் கொலின் சப்மன் என்பவரின் லோட்டஸ் நிறுவனம் எலான் என்ற காரை வெளியிட்டது. வளைவில் ஓடும் திறமைக்கு அக்காலத்தில் அதனையே உதாரணமாகக் காட்டினர். அதன் வில்களோ மென்மையானவை. சில்லுகள் ஏறி இறங்க நிறைய இடமும் விடப்பட்டிருந்தது. விறைப்பும் தாழ்வுமே திறமை என்று நினைப்போர் இக்காரைச் சற்று எண்ணிப்பார்ப்பது நன்று. கண்ணாடிபோன்ற பந்தயத் தடத்துக்குப் பொருந்துவது ஊர்வீதிக்குப் பொருந்தாது.

உயர்த்தப்பட்ட எம்.ஜி.பி. காரைப் பழைய உயரத்துக்கு மீட்பது வேறு. அது கார் முதலில் வரையப்பட்ட நிலை. அங்கே நின்றால் உறுப்புகள் தம்முள் ஒத்துப்போகும். முன்னே அளவான குறுகிய சுருள்வில்களையும், பின்னே அச்சுக்கும் தகட்டுவில்லுக்கும் இடையே உலோகக் கட்டைகளையும் வைத்து இதைச் செய்கின்றனர். இதற்குக்கூட முதலில் சாய்வுத் தடைக்கோலைப் பொருத்திப் பார்ப்பதே புத்தி; பலருக்கு அதன்பின் இறக்கும் எண்ணமே வருவதில்லை. சுருள்வில்லை அறுப்பது சிலர் கைக்கொள்ளும் மலிவான வழி. எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடும். ஆனால் சில்லு எழும் இடம் அதைவிட மிகுதியாகக் குறைந்துபோகும். நெருப்பில் காய்ச்சி வில்லைத் தளர்த்துவோரும் உளர். உருக்கின் பதத்தையே கெடுக்கும் அச்செயலை எந்த நல்ல மெக்கானிக்கும் செய்யமாட்டார்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் எளிய ஒரு சோதனை உண்டு. காரை இறக்கிய பின், முட்டும் றப்பர்க் கட்டையின் முகத்தில் பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணில் ஓர் உருண்டையை ஒட்டிவிடுவார்கள். பின்பு ஆட்களை ஏற்றி, நாள்தோறும் செல்லும் வீதியிலேயே காரை ஓட்டி வந்து, கீழே குனிந்து பார்ப்பார்கள். களிமண் எவ்வளவு தடிப்பில் எஞ்சியிருக்கின்றதோ அவ்வளவுதான் சில்லுக்கு மிஞ்சிய இடம். தகடாக நசுங்கியிருந்தால், கழற்றி வைத்த பழைய வில்லைத் தேடி எடுத்துவருவார்கள்.